கணினி அறிவியல் என்னும் முதல் விருப்பம்

பட்டினப்பாக்கத்திலிருந்து அடையாறு திரு.வி.க. பாலத்தைத் தாண்டி, சர்தார் படேல் சாலையில் மேற்கே போனால் மத்திய கைலாஷ் சந்திப்பில் சாலை பிரிகிறது. நேரே போனால் சென்னை ஐ.ஐ.டி.யின் வாசல், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், அதற்கப்பால் 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி. இடப்பக்கம் திரும்பினால் ராஜீவ் காந்தி சாலை. கொஞ்ச தூரத்தில், 2000 ஜூலையில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்த டைடல் பார்க். அங்கிருந்து சோழிங்கநல்லூர், சிறுசேரி வரை மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். சீனிவாசபுரத்து மீனவர் வீடுகளிலும், ஃபோர்ஷோர் எஸ்டேட் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பிலும் வளரும் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் இப்படிப் பேருந்து போகும் தூரத்திலேயே இருக்கின்றன. இரண்டையும் இணைப்பது கணினி அறிவியல் பட்டம் என்று அவர்களின் பெற்றோர் உறுதியாக நம்புகிறார்கள். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் இருக்கும் பெற்றோரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் அந்த நம்பிக்கை செயலுக்கு வருகிறது. தமிழ்நாடு பொறியியல் மாணவர் சேர்க்கைக்கு 2025-ல் பதிவு செய்தவர்கள் 3 லட்சத்தைத் தாண்டினார்கள். ஏராளமான வீடுகளில் விருப்பப் பட்டியலின் முதல் வரிகளை நிரப்புவது ஒரே துறைதான். கணினி அறிவியல், கிடைக்காவிட்டால் தகவல் தொழில்நுட்பம், அதுவும் இல்லையென்றால் செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு என்று அதன் கிளைகள். இவையெல்லாம் தீர்ந்த பிறகே மற்றவை. "சி.எஸ். கெடச்சா போதும் சார், எந்தக் காலேஜா இருந்தாலும் பரவாயில்ல" என்ற பேச்சு கவுன்சலிங் நாள்களில் எங்கும் காதில் விழும். பாடப்பிரிவை முதலில் முடிவு செய்து, கல்லூரியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளும் இந்த வழக்கத்துக்கு நியாயம் உண்டு. குறைகளும் உண்டு. இரண்டையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் இந்த வழக்கத்தின் விளைவு புரியும். கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு என்று சுருக்கி, 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 எடுத்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். 92, 44, 42 கூட்டினால் 178. பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் என்று கணினி அறிவியல் பாடத்தில் அவர் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தாலும் அந்த மதிப்பெண் இந்தக் கணக்கில் சேராது. தரவரிசை வெளியாகித் தன் சுற்று வரும்போது, கல்லூரியையும் பாடப்பிரிவையும் இணைத்து எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் அவர் வரிசைப்படுத்தலாம். மென்பொருள் அந்த வரிசையை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. அவர் தரவரிசைக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது. முதல் 30 வரியிலும் வெவ்வேறு கல்லூரிகளின் கணினி அறிவியலையே அந்த மாணவி நிரப்பியிருந்தால், 31-ஆவது வரியில் எழுதிய நல்ல கல்லூரியின் மின்னியல் பிரிவு கிடைக்கக்கூடியதாக இருந்தும் பயனில்லை. 27-ஆவது வரியில் எழுதிய, யாரும் போய்ப் பார்த்திராத கல்லூரிக்கு அவர் ஒதுக்கப்பட்டிருப்பார்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 1997-ல் ஒற்றைச் சாளர முறை தொடங்கியது. 2007-ல் நுழைவுத் தேர்வு போனது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. கிராமப்புற மாணவர்களுக்கும் தமிழ்வழி மாணவர்களுக்கும் அது திறந்துவிட்ட கதவு பெரியது. 2018-ல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. அதற்கு முன்பெல்லாம் மாணவரும் பெற்றோரும் கிண்டிக்கு நேரில் வருவார்கள். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதி இருக்கிறது என்பது திரையில் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே முடிவெடுப்பார்கள். வெளியூரிலிருந்து வந்து போகும் செலவும் அலைச்சலும் இணையத்தால் மிச்சமாயின. ஆனால் எது மீதி இருக்கும் என்று தெரியாமலேயே முழுப் பட்டியலையும் முன்கூட்டிப் போட வேண்டிய நிலையும் அதோடு சேர்ந்து வந்தது. அந்தத் தெரியாமையை நிரப்புவதற்குக் குடும்பங்கள் கண்டுபிடித்த எளிய விதிதான் 'முதலில் சி.எஸ்.' என்பது.

இந்த விதியைக் கூட்டத்தின் மயக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் பின்னால் கால் நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. சென்னையில் 2000-க்குப் பிறகு பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில், கல்லூரி வளாகத்துக்கே வந்து எடுத்துக்கொண்ட துறை இது ஒன்றுதான். பரிந்துரைக் கடிதம் கேட்காமல், சொந்தக்காரர் யாரும் உள்ளே இல்லாமல், ஒரு திறனறித் தேர்வும் நேர்காணலும் முடித்து மாதச் சம்பளத்துக்குப் போனவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். 69% இடஒதுக்கீடும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகையும் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விட்ட பிள்ளைகளை, அடுத்த படிக்கு ஏற்றியது மென்பொருள் துறை. பெண்களுக்கு அது கொடுத்தது இன்னும் அதிகம். இரவு வேலைக்கு வண்டி, குளிரூட்டிய அலுவலகம், ஆணுக்கு இணையான தொடக்கச் சம்பளம் என்ற ஏற்பாடு, மகளை வேலைக்கு அனுப்பத் தயங்கிய பல குடும்பங்களின் மனத்தை மாற்றியது.

படிப்புக்கான கருவியும் கைக்கெட்டியது. இயந்திரவியல் மாணவருக்குப் பட்டறை வேண்டும், வேதிப் பொறியியல் மாணவருக்கு ஆய்வகம் வேண்டும். கணினி மாணவருக்கு ஒரு மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் பாதி ஆய்வகம் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அந்தக் கருவியைக் குடிசை வீடுகளுக்கும் கொண்டுபோனது. 2003-ல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். வழியாக, நாட்டின் சிறந்த பேராசிரியர்கள் நடத்தும் வகுப்புகளைக் காசில்லாமல் பார்க்கலாம். கல்லூரி சுமாராக இருந்தாலும் சொந்த முயற்சியில் ஈடுகட்டும் வாய்ப்பு இவ்வளவு உள்ள பொறியியல் பிரிவு வேறு இல்லை. 'எந்தக் காலேஜா இருந்தாலும் பரவாயில்ல' என்பதற்கு இருக்கும் வலுவான வாதம் இதுதான்.

ஆனால் இந்த ஏணி எல்லாருக்கும் ஒரே மாதிரி அமையவில்லை. 2000-களில் சென்னை மென்பொருள் ஊழியர்களை ஆராய்ந்த மானுடவியலாளர்கள் சி.ஜே. ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும், நகர்ப்புற நடுத்தர வர்க்கத்து, மேல்சாதிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களே அந்தத் துறையில் அளவுக்கு மிஞ்சி இருந்ததைக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவதும் நேர்காணலில் நடந்துகொள்ளும் விதமும் பட்டத்துக்கு வெளியே கிடைப்பவை. மயிலாப்பூர் தனியார் பள்ளியில் படித்தவரும் கடற்கரைக் குப்பத்து மாநகராட்சிப் பள்ளியில் படித்தவரும் ஒரே பட்டத்தோடு ஒரே நேர்காணலுக்குப் போனாலும், இருவருக்கும் தயாராவதற்கு வேண்டிய உழைப்பு வேறு வேறு. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது கல்லூரி. எனவே, வீட்டில் உதவிக்கு ஆளில்லாத மாணவருக்குத்தான் கல்லூரியின் தரம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. 'எந்தக் காலேஜா இருந்தாலும்' என்ற விதி அவரைத்தான் கடுமையாகப் பாதிக்கிறது.

வழக்கத்தின் முதல் பெரிய குறை காலக் கணக்கில் இருக்கிறது. இன்றைய வேலைச் சந்தையைப் பார்த்துப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டம் கைக்கு வருவதோ நான்கு ஆண்டுகள் கழித்து. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1976-லேயே பொறியாளர்களை வைத்து இதை விளக்கினார். சம்பளம் ஏறும்போது மாணவர் கூட்டம் சேர்கிறது. அந்தக் கூட்டம் ஒரே நேரத்தில் படித்து முடிக்கும்போது சம்பளம் இறங்குகிறது. அடுத்த கூட்டம் வேறு பக்கம் ஓடுகிறது. ஆள் பற்றாக்குறை வந்து சம்பளம் மீண்டும் ஏறுகிறது.

தமிழ்நாட்டு அனுபவம் இதற்குப் பாடநூல் போல இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்க இணைய நிறுவனங்கள் சரிந்தபோது கணினி அறிவியலின் மவுசு குறைந்தது. அப்போதும் துணிந்து அதில் சேர்ந்தவர்கள் 2005, 2006-ல் வெளியே வந்தபோது நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆள் எடுத்தன. 2010-களின் நடுவில் கலந்தாய்வின் நாயகன் மெக்கானிக்கல். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் ஆலைகளைக் காட்டிப் பெற்றோர் அதை எடுக்கச் சொன்னார்கள். அந்த மாணவர்கள் பட்டம் வாங்கிய சில காலத்தில், 2019-ல் நாட்டின் வாகன விற்பனை சரிந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மறுஆண்டு மறைமலைநகர் ஆலை ஓய்ந்தது. கொரோனாக் காலத்தில் மென்பொருள் நிறுவனங்கள் கொத்துக் கொத்தாக ஆள் எடுத்ததைப் பார்த்து, 2020, 2021-ல் கூட்டம் மறுபடியும் கணினிப் பக்கம் திரும்பியது. அவர்கள் வெளியே வந்தது 2024, 2025-ல். அதற்குச் சற்று முன், 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ். பணியாளர் எண்ணிக்கை 13,249 குறைந்திருந்தது. இன்ஃபோசிஸில் 25,994 குறைந்திருந்தது. 2025 ஜூலையில், பணியாளர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரை விடுவிக்கப்போவதாக டி.சி.எஸ். அறிவித்தது.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் கணினி வேண்டாம்' என்று ஓடுவதும் அதே தவற்றின் மறுபக்கம்தான். இன்று சேரும் மாணவர் வெளியே வரும் ஆண்டில் சந்தை எப்படியிருக்கும் என்பதை இன்றைய செய்தித்தாள் சொல்லாது. 2002-ல் விலகிப்போனவர்கள் 2006-ன் வாய்ப்பைத் தவறவிட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்றைய சந்தை நிலவரத்தை மட்டுமே பாடப்பிரிவுக்கான காரணமாக வைப்பதைக் கைவிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வெளியானது. 2024 அக்டோபரில், கூகுளில் புதிதாக எழுதப்படும் நிரலில் கால் பங்குக்கும் மேல் செயற்கை நுண்ணறிவு உருவாக்கி, பொறியாளர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொள்வது என்று சுந்தர் பிச்சை சொன்னார். சென்னை நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளிடம் முதல் இரண்டு ஆண்டுகள் கொடுத்துவந்த வேலைகளைப் பார்த்தால் கவலையின் காரணம் விளங்கும். சோதனைக்கான நிரல் எழுதுவது, பழைய நிரலில் சிறு பிழை திருத்துவது, ஒரு வடிவத்தில் இருக்கும் தரவை இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது ஆகியவையே அவை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது நன்றாகச் செய்வதும் இவற்றைத்தான். பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களின் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு 3 முதல் 3.5 லட்சம் ரூபாயைச் சுற்றியே நிற்கிறது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் அது இறங்கியிருக்கிறது. ஆட்கள் ஏராளமாகக் கிடைப்பதும் வேலையின் தன்மை எளிதாக இருப்பதும் அதற்குக் காரணங்கள். இவை இரண்டும் செயற்கை நுண்ணறிவுக்கு முன்பே இருந்தவை.

அமெரிக்கப் புள்ளிவிவரம் ஒன்று இந்தக் கவலையின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள உதவும். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட கணக்குப்படி, புதிய கணினி அறிவியல் பட்டதாரிகளில் 6.1 விழுக்காட்டினர் வேலையில்லாதவர்கள். கணினிப் பொறியியலில் அது 7.5 விழுக்காடு. தலைப்புச் செய்தியானது இந்தப் பாதி மட்டும்தான். படிப்புக்குக் குறைந்த வேலையில் இருப்பவர்களின் பங்கு கணினி அறிவியலில் 16.5 விழுக்காடுதான், வேறு பல பட்டங்களில் அது 40 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வேலை கிடைப்பது முன்பைவிடக் கடினம். கிடைத்தவர்களுக்குப் படித்த படிப்பு பயன்படுகிறது. அதிலிருந்து தெரிவது என்னவென்றால், மேலோட்டமாகப் படித்தவருக்கும் ஆழமாகப் படித்தவருக்கும் இடையிலான தூரம் கூடிக்கொண்டிருக்கிறது.

ஆழமாகப் படிக்க ஆசிரியர் வேண்டும். வழக்கத்தின் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகள் 400-க்கும் மேல். 2024-25 கல்வியாண்டில், நன்றாகச் செயல்படும் கல்லூரிகள் ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் வைக்கலாம் என்ற உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம் நீக்கியது. கூடுதலாக வந்த இடங்களில் பெரும்பங்கு கணினி சார்ந்த பிரிவுகளுக்கே போனது. சிவில், மெக்கானிக்கல் இடங்களைக் குறைத்துக்கொண்டு கணினி இடங்களைக் கூட்டிய கல்லூரிகளும் பல. இடத்தைக் கூட்டுவதற்கு ஒரு கடிதம் போதும். தொகுப்பி வடிவமைப்பும் இயக்க முறைமையும் நடத்தத் தெரிந்த ஆசிரியர் அவ்வளவு வேகத்தில் கிடைக்கமாட்டார். கணினியில் நன்றாகத் தேறியவரை நிறுவனங்கள் இழுத்துக்கொள்வதால் இந்தத் துறையில் அந்தத் தட்டுப்பாடு இன்னும் கூடுதல். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆவணங்கள், 353 பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் பணியாற்றுவதாகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதாகக் குற்றம்சாட்டின. அதில் தொடர்புடையவையாகச் சொல்லப்பட்ட கல்லூரிகள் 224. பல்கலைக்கழகமும் விசாரணை நடத்த வேண்டிவந்தது. ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் பெயர்ப் பலகையில் இருக்கும் ஆசிரியரை நம்பித்தான் 27-ஆவது வரி மாணவி நான்கு ஆண்டுகளை ஒப்படைக்கிறார்.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் ஆசிரியரின் தேவை இன்னும் தெளிவாகும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி முதல் பருவத்தில் எல்லாப் பிரிவு மாணவர்களும் பைத்தான் நிரலாக்கம் படித்தார்கள். சிவில் மாணவரும் படித்தார். கணினி அறிவியல் தனியாகப் பிரிவது அதன் பிறகுதான். தனிநிலைக் கணிதம், தரவுக் கட்டமைப்பு, கணிமைக் கோட்பாடு, தொகுப்பி என்று அடுத்தடுத்து வரும் பாடங்கள் கணிதத்தின் பிள்ளைகள். நிரல் எழுதப் பிடிக்கும் என்று சேர்ந்து, நிரூபணங்களைக் கண்டு திகைத்து, வினாத்தாள் தொகுப்பை மனப்பாடம் செய்து தேறிவிடும் மாணவர்கள் நிறைய. அப்படித் தேறியவரிடமிருந்து எளிதாகப் பறிக்கப்படும் வேலைதான் இப்போது கருவிகளின் கைக்குப் போகிறது.

இன்னொரு உண்மையையும் பெற்றோர் காதில் போட வேண்டும். சேவை நிறுவனங்கள் வளாகத் தேர்வில் பெரும்பாலும் எந்தப் பொறியியல் பிரிவு மாணவரையும் அனுமதிக்கின்றன. மென்பொருள் வேலைதான் குறிக்கோள் என்றாலும் கணினி அறிவியல் பட்டம் அதற்கான ஒரே வழியன்று. கூகுளை நடத்தும் சுந்தர் பிச்சை, சென்னையில் வளர்ந்து கரக்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகப் பொறியியல் படித்தவர். ஜோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் படித்தவர். தரவுத்தளங்கள் பழுதாகும்போது தகவலை மீட்கும் ஏரிஸ் முறையை உருவாக்கிய ஐ.பி.எம். அறிஞர் சி. மோகன், அதே ஐ.ஐ.டி.யில் 1977-ல் வேதிப் பொறியியல் முடித்தவர். கிண்டியில் 1958-ல் சிவில் முடித்த ராஜ் ரெட்டி, செயற்கை நுண்ணறிவுக்காக 1994-ல் டூரிங் விருது பெற்றார். கணினித் துறையின் மிக உயர்ந்த அந்த விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவர்.

இந்தப் பெயர்களை எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும். ராஜ் ரெட்டி படித்தபோது இந்தியாவில் கணினிக்கென்று பட்டப் படிப்பே இல்லை. மற்றவர்களும் நாட்டின் மிகக் கடினமான நுழைவுத் தேர்வைக் கடந்து வந்தவர்கள். அவர்களைக் காட்டி, 178 எடுத்த மாணவியிடம் 'நீயும் உலோகவியல் படி' என்று சொல்வது நியாயமில்லை. கணினி அறிவியலை முறையாகப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. இயக்குநர் வீ. காமகோடி, கணினி அறிவியலைப் படித்து, அதையே கற்பித்து, 2018-ல் உள்நாட்டு நுண்செயலியான சக்தியை இயங்கவைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர். இந்த எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: அவரவர் படித்த இடத்தில் நல்ல ஆசிரியர்களும், கூடப் படித்த கெட்டிக்காரர்களும், கையில் தொட்டுப் பார்க்கக் கருவியும் இருந்தன. சி. மோகன் கணினிப் பக்கம் திரும்பியதே, ஐ.ஐ.டி. 1973-ல் நிறுவிய ஐ.பி.எம். 370 கணினியால்தான்.

கணினியைத்தான் படிக்க வேண்டும் என்று ஆசைப்படும் மாணவருக்கு பி.இ. ஒன்றே வாசலும் இல்லை. சிறுசேரியில் மென்பொருள் அலுவலகங்களுக்கு நடுவே இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம், 2005 வரை தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் இருந்தது. அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த மூன்றாண்டு பி.எஸ்சி. ஹானர்ஸ் படிப்பு இருக்கிறது. சொந்தமாக நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். கோட்பாட்டில் ஆர்வமுள்ளவருக்கு நாட்டிலேயே மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. மயிலாப்பூர், அடையாறு வட்டாரக் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணினி அறிவியலும் பி.சி.ஏ.வும் மூன்றாண்டில், குறைந்த செலவில் முடியும். அப்படி முடித்தவர்களை எடுத்து, வேலை செய்துகொண்டே எம்.டெக். படிக்கவைக்கும் திட்டம் விப்ரோவில் இருக்கிறது. 2020-ல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். தரவு அறிவியல் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை; நான்கு வாரத் தகுதிப் பாடத்தில் தேறினால் போதும், இடையில் சான்றிதழோடும் பட்டயத்தோடும் வெளியேறவும் வழியுண்டு. பிளஸ் டூ, பட்டயம் முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் ஜோஹோ பள்ளியும், பிளஸ் டூ முடித்தவர்களை எடுக்கும் எச்.சி.எல். டெக்பீ திட்டமும் பட்டத்தையே பின்னுக்குத் தள்ளியவை.

செலவையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வகுத்தபடி, அங்கீகாரம் பெற்ற பிரிவுக்குத் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 55,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000 ரூபாய். நன்கொடை வாங்குவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது, ஆனாலும் சி.எஸ். இடத்துக்கு அது கேட்கப்படுவதும் கொடுக்கப்படுவதும் ஊரறிந்த செய்தி. நகையை அடகு வைத்து, வங்கிக் கடன் வாங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்தால், படிக்கும் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே வரும். முதல் வேலை 3.36 லட்சமாக இருந்தால், பிடித்தம் போக மாதம் கையில் வருவது 25,000 ரூபாயைத் தாண்டுவது கடினம். அதில் கடன் தவணை, மேன்ஷன் வாடகை, வீட்டுக்கு அனுப்பும் பணம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-ல் வந்த 7.5% உள் ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அவர்களுக்குக் கடன் பயம் இல்லை. எனவே பாடப்பிரிவின் பெயருக்காக நல்ல கல்லூரியை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், கணினி அறிவியலை விரும்புவதில் தவறில்லை. கல்லூரியை விசாரிக்காமல் அதை 30 வரிகளுக்கு நீட்டுவதில்தான் தவறு. கணிதத்தில் கை பழகிய, ஒரு பிழையைத் தேடி ஒரு மணி நேரம் அலுப்பில்லாமல் உட்காரக்கூடிய மாணவருக்கு, நல்ல கல்லூரியில் கிடைத்தால் இதைவிடச் சிறந்த பிரிவு சொல்வது கடினம். அந்தப் பொறுமை தனக்கு இருக்கிறதா என்பதைப் பொதுத் தேர்வுக்கும் கலந்தாய்வுக்கும் இடையில் கிடைக்கும் மூன்று மாதத்தில் சோதித்துவிடலாம். பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல் இணையத்தில் இலவசம். சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் என்.பி.டி.இ.எல்.லில் நடத்தும் பைத்தான், தரவுக் கட்டமைப்பு வகுப்புகளும் இலவசம். முதல் மூன்று வாரப் பயிற்சிக் கணக்குகளை யாருடைய உதவியும் இல்லாமல் போட்டுப் பார்த்தவருக்கு, உறவினர்களின் ஆலோசனையைவிட நம்பகமான பதில் கிடைத்துவிடும்.

178 எடுத்த மாணவியின் பட்டியலும் அதன்படி மாற வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் பெயர் பெற்ற தனியார் கல்லூரிகளிலும் கணினி அறிவியல் முதலில் வரட்டும். அடுத்து, அதே கல்லூரிகளின் மின்னணுவியல், மின்னியல் பிரிவுகள். 2024-25-ல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலரை எட்டி, நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. அந்தப் பிரிவு மாணவருக்கு ஆலை வேலையும் உண்டு, மென்பொருள் வேலையும் உண்டு. முன்பின் தெரியாத கல்லூரிகளின் கணினி அறிவியல் அதற்கும் கீழே வரட்டும். பட்டியலைப் பூட்டும் முன், ஒவ்வொரு கல்லூரியின் தேர்ச்சி விகிதத்தையும் பாடப்பிரிவின் அங்கீகாரத்தையும் பார்த்துவிட்டு, ஒரு வேலைநாளில் நேரில் போய் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரிடம் பேச வேண்டும். இயக்க முறைமையை யார் நடத்தினார், ஆய்வகத்தில் எத்தனை கணினி ஓடுகிறது, சென்ற ஆண்டு வகுப்பில் நடுவில் நின்றவருக்கு என்ன சம்பளம் என்று கேட்க வேண்டும். விளம்பரத் தட்டியில் இருக்கும் 'அதிகபட்ச பேக்கேஜ்' ஒருவருக்குக் கிடைத்தது; மீதிப் பேரின் கதை அதில் இல்லை.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன், கல்லூரிக் கனவு திட்டங்கள் மாணவர்களுக்கு வழிகாட்டுவதைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கலந்தாய்வு இணையதளத்திலேயே, ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு பிரிவுக்கும் நேராக, சரிபார்க்கப்பட்ட ஆசிரியர் பட்டியல், தேர்ச்சி விகிதம், வேலை பெற்றவர்களின் எண்ணிக்கை, அவர்களின் இடைநிலைச் சம்பளம் ஆகியவற்றைப் போட்டுவிட்டால், விருப்பப் பட்டியலை நிரப்பும் குடும்பங்கள் ஊகத்தை விட்டுத் தகவலைப் பிடித்துக்கொள்ளும். வசதியுள்ள வீடுகள் இந்த விவரங்களைத் தெரிந்தவர்கள் மூலம் எப்படியோ திரட்டிவிடுகின்றன. சீனிவாசபுரத்து மாணவிக்கும் அதே விவரம் அதே நாளில், தன் கைப்பேசியிலேயே கிடைக்க வேண்டும். அடுத்த ஆண்டுக் கலந்தாய்வுக்கு முன் அதைச் செய்துமுடிக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.